கொங்கு நாட்டில் மக்கள் ரொக்கத்தை விட்டு போனுக்கு மாறியது எதனால்?

எம்.காம். ப்ராஜெக்டுக்காகத் தங்கை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ரொக்கம் இல்லாமல் பணம் கொடுக்கும் முறைக்கு மக்கள் மாறுவதற்கு எதெல்லாம் காரணம்? கோவை, ஈரோடு, திருப்பூர் நிலவரத்தை வைத்துச் சொல்ல முடியுமா? வசதி, தள்ளுபடி, பாதுகாப்பு, வயது, படிப்பு என்று ஐந்து காரணங்களை வைத்துக் கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன்."

நான் 22 வருஷம் வங்கி வேலையில் இருந்தவன். அதில் பெரும்பகுதி ஈரோடு, திருப்பூர் மாவட்டக் கிளைகளில் போனது. அந்த ஐந்தும் தப்பான காரணங்கள் இல்லை. ஆனால் என் அனுபவத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் உங்கள் தாளிலேயே இல்லை. முதல் தடவை பணம் நடுவழியில் சிக்கிக்கொண்டபோது அனுப்பியவர் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் அது.

2021-ல் சத்தியமங்கலம் பக்கம் ஒரு உரக்கடையில் நின்றிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி ரெண்டு மூட்டை டிஏபியும் யூரியாவும் வாங்கினார். மகள் போனில் போட்டுக் கொடுத்த ஆப். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எண்ணாக ஆள்காட்டி விரலால் குத்தினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கில் பணம் கழிந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லுமே, கடையில் இருந்த அந்தப் பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என்ற பணம் போயிருச்சுங்களா?" என்று கேட்டபோது அவர் குரல் உள்ளே போய்விட்டது. கடைக்காரர் எழுந்து வந்து போனை வாங்கிப் பார்த்தார். "எங்கயும் போகாதுங்க மாமா. மூட்டைய வண்டில ஏத்துங்க. நாளைக்கு உங்க கணக்குக்கே திரும்பி வந்துரும், வந்த பொறவு குடுங்க. வரலைன்னா பேங்க்ல நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லி, நோட்டில் பெயரையும் தொகையையும் குறித்துக்கொண்டார். அடுத்த நாள் மதியத்துக்குள் பணம் திரும்பிவிட்டது. அவர் மறுபடி கடைக்குப் போய், மறுபடி போனிலேயே கொடுத்தார். அதற்கப்புறம் எங்கள் கிளைக்கு அவர் பணம் எடுக்க வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

அதே வருஷம், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. நன்றாகப் படித்தவர், வரவு செலவு எல்லாம் டைரியில் எழுதுகிறவர். டவுனில் ஒரு பெரிய கடையில் அவருக்கும் இதே சிக்கல். பில் போடுகிற பையன், "எங்களுக்கு வரலைங்க, வேற ஏதாவது குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறான். பின்னால் வரிசை. கையில் இருந்த ரொக்கத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். பணம் நாலாம் நாள்தான் திரும்பியது. அதற்குள் எங்கள் கிளைக்கு வந்து, "இந்த வசதியே எனக்கு வேண்டாம், நிறுத்திருங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வயதையும் படிப்பையும் வைத்து யூகித்தால், டீச்சரம்மா மாறியிருக்க வேண்டும், விவசாயி பின்வாங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

இத்தனைக்கும் விதி தெளிவாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, யுபிஐ மூலம் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்தும் போய்ச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்ததென்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும். டீச்சரம்மாவின் பணம் நாலாம் நாள் வந்தது விதிக்கு உட்பட்டதுதான். அந்த ஐந்து நாள் கணக்கை அந்தக் கவுண்டரில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வாடிக்கையாளர் நின்றிருப்பார். இந்த விதி நம் மக்களில் நூறு பேருக்கு ஒருவருக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். பாதுகாப்பு என்று நாம் பேசுவதெல்லாம் திருட்டைப் பற்றியே இருக்கிறது. தவறினால் பணம் எப்படித் திரும்பும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

சரி, முதலிலிருந்து வருகிறேன். யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்தது. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மதிப்பில் பார்த்தால் புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதம். அந்த வாரங்களில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கமாக வாங்கிப் பழகிய ஊர். ரொக்கம் நின்றவுடன் கம்பெனிகள் தொழிலாளர்களுக்குக் கணக்கு திறக்க எங்களிடம் ஓடி வந்தன. ஆனால் 2017 நடுவில் நோட்டு திரும்ப வந்ததும் பாதிப் பேர் பழையபடி ரொக்கத்துக்கே போய்விட்டார்கள். கட்டாயம் ஆளைக் கூட்டி வரும்; உட்கார வைக்காது.

ஒன்றை மட்டும் அது நிலையாக மாற்றியது. கடைகளில் பணம் வாங்கும் வசதி வந்துவிட்டது. குரூஸே, குப்தா, மெசனோட்டி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதை நாடு முழுக்க மாவட்ட வாரியாகப் பார்த்திருக்கிறார்கள். நோட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த மாவட்டங்களில், தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் கடைக்காரர்கள் புதிதாக இந்த முறைக்கு வந்துகொண்டே இருந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. ஒரு தெருவில் நாலு கடையில் போன் வழியாகப் பணம் வாங்கினால் ஐந்தாவது கடைக்காரர் வாங்காமல் இருக்க முடியாது. பத்துக் கடையில் வாங்கினால்தான் நான் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வருவேன். ரெண்டு பக்கமும் ஒன்றை ஒன்று இழுக்கிற விஷயம் இது. பணம் கொடுக்கிறவரிடம் மட்டும் கேள்வித்தாள் கொடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கடைக்காரருக்கு எது வாகாக இருந்தது? கார்டு மெஷின் காலத்தில் ஜவுளிக் கடையில், "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்திக் குடுங்க" என்று கேட்டது நினைவிருக்கும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பது நின்றது. ஸ்கேன் செய்யும் கட்டம் அச்சடித்த ஒரு காகித அட்டை, செலவு கிடையாது. ஆனால் அட்டை மட்டும் போதவில்லை. கூட்ட நேரத்தில், "அனுப்பிட்டேங்க" என்று போனைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறவரின் திரையை யார் படித்துப் பார்ப்பது? போன மாசத்து ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றியவர்கள் உண்டு. அந்தப் பெட்டி வந்து, "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் உரக்கச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் புளியம்பட்டிச் சந்தையில் வெங்காயம் விற்கிற அம்மா வரைக்கும் இது போய்ச் சேர்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் காது இருக்கிறது. ரொக்கத்துக்குக் கையில் ஒரு கனம் உண்டு; அந்தக் கனத்தின் இடத்தைப் பிடித்தது இந்தச் சத்தம்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது சில்லறை. இதைக் கேள்வித்தாளில் 'வசதி' என்று எழுதினால் அதன் உண்மையான வலி தெரியாது. 10 ரூபாய் நாணயத்தை நம் பக்கம் எத்தனை வருஷம் வாங்க மறுத்தார்கள்! பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், மளிகையில் வாங்க மாட்டார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்ட பிறகும், மூட்டையாகக் கட்டிக்கொண்டு வங்கியில் போட வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூணு ரூபாய்ச் சில்லறைக்கு மூணு மிட்டாய், ரெண்டாயிரம் நோட்டை நீட்டினால் முறைப்பு. பேக்கரியில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு 27 ரூபாயைச் சரியாக 27 ரூபாயாகக் கொடுக்க முடிவது சின்ன விஷயம்போலத் தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அந்தத் தொல்லை தீர்ந்தால் அது பழக்கமாகிவிடுகிறது. தள்ளுபடி, கேஷ்பேக் எல்லாம் முதல் பத்து நாள் ஆசை. அது நின்ற பிறகும் மக்கள் நின்றது இந்தச் சில்லறையால்தான். 2022 செப்டம்பரில் வந்த யுபிஐ லைட் சின்னத் தொகைகளுக்குப் பின் நம்பர் கேட்காமல் விட்டதும் இதே காரணத்தால்தான் பிடித்துக்கொண்டது.

கொரோனாவையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. 2020-ல் நோட்டைத் தொடவே பயந்தோம். வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நேரமும் இருந்தது. நாடு முழுக்க மாதத்துக்கு 100 கோடி யுபிஐ பரிவர்த்தனை என்ற எண்ணிக்கையை முதலில் தொட்டது 2019 அக்டோபரில். 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடி.

இப்போது அதிகம் கவனிக்கப்படாத ஒன்றுக்கு வருகிறேன். காசு எந்த வழியாக வருகிறதோ அதே வழியாகத்தான் போகும். திருப்பூரில் கணக்கில் சம்பளம் வாங்குகிற டெய்லர், பிஸ்கெட் பாக்கெட் வரைக்கும் போனில்தான் வாங்குகிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்கு இதில் கூடுதல் காரணம் இருக்கிறது: ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். முன்பு அதற்காக ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்பும் கடைகளில் வரிசையில் நின்று, அனுப்பும் தொகைக்குக் கமிஷனும் கொடுத்தார்கள். இன்று படுத்த இடத்திலிருந்தே அனுப்புகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட உள்ளூர்க் கடைக்காரர்கள் திருப்பூரில் ஏராளம்.

பல்லடம், சோமனூர் பக்கத்துத் தறிக்குடோனிலோ கரும்பு வெட்டுக்கோ கையில் கூலி வாங்குகிறவர் ஏன் மாற வேண்டும்? வாங்கிய நோட்டை வங்கியில் கட்ட அரை நாள் வேலையை விட்டு வர வேண்டும். அவருக்கு இந்த முறை சுமைதான். அவரைப் போய், 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று வகைப்படுத்தி எழுதிவிடாதீர்கள், தங்கச்சி. பல ஆய்வுகளில் அப்படிப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அவர் கணக்குப் போட்டுத்தான் ரொக்கத்தில் நிற்கிறார். பால் சொசைட்டிப் பணம் கணக்கில் வருகிற ஊரில் அதே படிப்பு, அதே வயதுள்ள ஆட்கள் சரளமாகப் போனில் கொடுப்பதைப் பார்க்கலாம்.

பெண்கள் விஷயத்தில் நீங்கள் இன்னும் ஆழமாக இறங்க வேண்டும். புளியம்பட்டிச் சந்தை வெங்காயக்காரம்மாவைச் சொன்னேனே, அவரிடம் இருந்தது பட்டன் போன். அட்டை மகன் பெயரில். பெட்டி சத்தம் போட்டதும் அவர் தலையை ஆட்டி வெங்காயத்தைக் கொடுத்துவிடுவார். காசு மகன் கணக்கில். "சாயந்தரம் பஸ்சுக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "ரொக்கமா நாலு பேரு குடுக்காமயா போயிருவாங்க கண்ணு? அதத்தான் நான் முடிஞ்சுக்குவேன்" என்று சொல்லி முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். அந்த முடிச்சில் இருப்பது மட்டும்தான் அவர் காசு. புள்ளிவிவரத்தில் அவர் 'டிஜிட்டல் பரிவர்த்தனை ஏற்ற வியாபாரி'.

வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்க்கிற காசுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கணவருக்கும் மாமியாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். கணக்குக்குப் போனால், கணவர் நம்பருக்கு எஸ்எம்எஸ் போகும். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் பெண்ணின் கணக்கிலேயே விழ ஆரம்பித்தபோது, கிளைக்கு வந்த பெண்கள் பலர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தக் கணக்குல என்ற நம்பரச் சேத்த முடியுமுங்களா?" அந்த நம்பர் மாறிய வீடுகளில் ரெண்டு மூணு மாசத்தில் ஆப்பும் வந்துவிட்டது. கேள்வித்தாளில் 'ஸ்மார்ட்போன் உண்டா, இல்லையா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், வங்கியில் பதிந்த நம்பர் யாருடையது என்று கேளுங்கள்.

மாற மறுக்கிறவர்களைப் பற்றியும் நேர்மையாக எழுதுங்கள். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் இன்றும் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முறை. அப்படிப் பேசிய விலையைப் பெட்டி சந்தைக்கே கேட்கும்படி கத்தினால் எப்படி இருக்கும்? அதோடு யுபிஐயில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பொதுவான வரம்பு 1 லட்சம். நல்ல மாடு ஒரு ஜோடி அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். அங்கே ரொக்கம் நிற்பது பழமைப் பிடிப்பால் என்று நான் சொல்ல மாட்டேன்.

வரிப் பயமும் உண்டு. 2025 ஜூலையில் பெங்களூருவில் சிறு வியாபாரிகளுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பலர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். அந்தச் செய்தி நம் பக்கத்துக் கடைவீதிகளிலும் பேசப்பட்டது. பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாவது வருஷ விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்போது. காய்கறிபோல வரிவிலக்குள்ள சரக்கு மட்டும் விற்பவருக்குப் பதிவே வேண்டாம். இது தெரியாமல் பயப்படுகிற கீரைக்காரரும் இருக்கிறார், தெரிந்தே பயப்படுகிற மொத்த வியாபாரியும் இருக்கிறார். ரெண்டு பேரையும் ஒரே கட்டத்தில் போடக் கூடாது.

இன்னொரு வகை, மாறிவிட்டுத் திரும்பியவர்கள். கோவையில் ஐடி கம்பெனிக்குப் போகிற இளம் தம்பதிகளிலேயே இதைப் பார்க்கிறேன். மாசம் பிறந்ததும் மளிகைக்கு இவ்வளவு, காய்க்கு இவ்வளவு என்று ரொக்கமாக எடுத்துக் கவரில் வைக்கிறார்கள். காரணம் எளிது: நோட்டு கையை விட்டுப் போகும்போது மனசு உறுத்தும், போனில் உறுத்தாது. 2001-ல் பிரெலெக், சிமெஸ்டர் இருவரும் அமெரிக்காவில் நடத்திய சோதனையில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய ரெண்டு மடங்கு விலை கொடுக்க முன்வந்தார்கள். நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டிருக்காது. 2016 நவம்பரில் புழக்கத்தில் சுமார் 18 லட்சம் கோடியாக இருந்த ரொக்கம், 2024 மார்ச்சில் சுமார் 35 லட்சம் கோடி. போனும் வளர்ந்தது, நோட்டும் வளர்ந்தது. ஒரே ஆள் ரெண்டையும் வைத்துக்கொண்டு, எதற்கு எது என்று பிரித்துக்கொள்கிறார். ஆகவே 'மாறினார், மாறவில்லை' என்று ரெண்டே பெட்டியில் டிக் அடிக்க வைக்காதீர்கள்.

மோசடி பற்றி ஒரு பத்தி. ஏமாந்தவர்களிடம் நான் உட்கார்ந்து பேசியதில் திரும்பத் திரும்ப வந்த தவறு ஒன்றுதான்: பணம் வாங்குவதற்காகப் பின் நம்பரைப் போட்டார்கள். வாங்க எப்போதுமே பின் தேவையில்லை. பின் போட்டால் காசு நம்மை விட்டுப் போகிறது என்று அர்த்தம். பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன், அதே மணி நேரத்துக்குள். இதைவிட எனக்கு வேதனை தந்தது வேறு. ஏமாந்தவர் அதை வீட்டில் சொல்லப் பயந்து ரெண்டு நாள் மறைப்பார். அதற்குள் பணம் கைமாறிப் போயிருக்கும். 'இந்த வயசுல எதுக்குப் போனு' என்று திட்டுகிற வீட்டில் ஒருவர் ஏமாந்தால் குடும்பமே ரொக்கத்துக்குத் திரும்புகிறது. 'பரவால்லப்பா, உடனே சொன்னீங்களே' என்று சொல்லி 1930-ஐ அழைத்துத் தருகிற பிள்ளை இருக்கும் வீட்டில் அவர் மறுபடியும் போனை எடுக்கிறார்.

கடைசியாக உங்கள் கோட்பாட்டு அத்தியாயம். புதுத் தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை 1989-ல் பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், பயன் தெரிகிறதா, எளிதாக இருக்கிறதா என்ற ரெண்டை வைத்துத் தொடங்கினார். 2003-ல் வெங்கடேஷும் மற்றவர்களும் அதை விரித்து, சுற்றியிருப்பவர்களின் தாக்கத்தையும் துணைநிற்கும் வசதிகளையும் சேர்த்தார்கள். 2012-ல் பழக்கமும் செலவுக்கு ஏற்ற பலனும் சேர்ந்தன. கைடு இதைத்தான் எழுதச் சொல்வார், எழுதுங்கள். அந்தத் 'துணைநிற்கும் வசதிகள்' என்ற தலைப்பின் கீழ் வழக்கமாக எல்லோரும் சிக்னல், இணையம், போன் என்று எழுதுவார்கள். நீங்கள் அதன் கீழ் ஆளை எழுதுங்கள்: உரக்கடைக்காரர், மகள், கிளையில் நிற்கிற உதவியாளர்.

கேள்வித்தாளில் இவற்றைச் சேர்க்கலாம். கூலி அல்லது வருமானம் கையில் வருகிறதா, கணக்கில் வருகிறதா? வங்கியில் பதிந்த போன் நம்பர் யாருடையது? முதன்முதலில் ஆப்பை யார் போட்டுக் கொடுத்தார்? பணம் கழிந்தும் போய்ச் சேராத அனுபவம் உண்டா, அப்போது யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார்? எதற்கெல்லாம் இன்னும் ரொக்கம்தான் கொடுக்கிறீர்கள்? நாலாவது கேள்விக்கு மட்டும் ஐந்து புள்ளி அளவுகோல் வேண்டாம், சொல்கிறதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி வாசலிலும் மாலிலும் நூறு பேரைப் பிடித்துவிட்டு முடித்துக்கொள்ளாமல், ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் புளியம்பட்டிச் சந்தைக்குப் போங்கள். சரக்கு இறக்குகிற நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். பத்து மணிக்கு மேல், கூட்டம் குறைந்து டீ வாங்கி வருகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அவர்களாகவே எல்லாம் சொல்லுவார்கள்.